நிப்பாட்டத் தெரியாத சாமான்

ரயிலே ஓடாத ஊரில் ரயிலைப் பற்றி எல்லாம் தெரிந்தவனாக இருப்பது மிகச் சுலபம். மறுத்துப் பேச ஆளில்லை. தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடும். அதற்குத் தெற்கே இருக்கும் எங்களுக்குக் கடலும் வயலும் பஸ்ஸும்தான். அதனால் எண்பதுகளின் நடுவில் கல்முனைக்குடியின் ஒரே ரயில் நிபுணனாக நான் இருந்தேன். (அதுவரை நான் ரயிலில் ஏறியது இரண்டே தடவை. அதில் ஒரு தடவை கொழும்புவரை தூங்கிக்கொண்டே போனேன்.)

நான் மருதமுனைக்காரன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோவான், வீடும் பெண்ணுடையது. அப்படி நான் கல்முனைக்குடியில் போய்ச் சேர்ந்த வீட்டில் மாமா, மாமி, என் மனைவி பரீதா, அவளுடைய தங்கை சுபைதா, பிறகு எங்கள் கைக்குழந்தை. எனக்கு அங்கே ராஜ மரியாதை. மரியாதை எவ்வளவு கூடிப்போயிருந்தது என்றால், மாமி என்னோடு ஒரு சொல்லும் கதைக்கமாட்டார். மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பது அந்தக் காலத்து மாமிமாருக்கு மரியாதைக் குறைவு. எனக்குச் சொல்ல வேண்டியதைப் பரீதாவிடம் சொல்வார், கதவு நிலையிடம் சொல்வார், யாரும் இல்லாவிட்டால் கோழியிடம் சொல்வார்.

"கோழி, மழ வரப்போகுது. கொடியில காயிற சாரனை எடுக்கச் சொல்லு."

நான் போய்ச் சாரனை எடுப்பேன்.

மற்ற வீட்டு மருமகன்மார் இதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது வருத்தமாக இருந்தது. என் உம்மா நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்குமுன்பே மௌத்தானவர். புது வீட்டில் ஓர் உம்மா கிடைப்பார் என்று ஆசையோடு போனவனுக்குக் கோழி மூலம் தகவல் வந்தால் எப்படி இருக்கும்? மாமி ஒரு சொல்லாவது என் முகத்தைப் பார்த்துக் கதைக்க வேண்டும். அதற்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன், ரயில்வே நடத்துவது உட்பட.

பரீதாவின் அண்ணன் றபீக் காக்கா குவைத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வேலை பார்த்தார். தங்கைக்குப் பிள்ளை பிறந்த சந்தோஷத்தில், ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு ரயில் செட் கொடுத்தனுப்பினார். ஓர் எஞ்சின், சில பெட்டிகள், பூட்டிப் பூட்டி நீட்டும் தண்டவாளம், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். பிள்ளைக்கு அப்போது ஆறு மாதம். அவன் தண்டவாளத்தில் ஒரு துண்டை எடுத்துச் சப்பிப் பார்த்துவிட்டுத் தன் ஆர்வத்தை அத்தோடு முடித்துக்கொண்டான். என் ஆர்வம் தொடங்கியது.

"புள்ள வளர்ந்து விளையாடுமட்டும் துருப்புடிக்காம ஓட்டி வைக்கணும்" என்று பரீதாவிடம் சொன்னேன்.

"ஓம், ஓம். புள்ளைக்காகத்தானே?" என்றாள் அவள், தண்டவாளத்துக்கு மேலால் காலைத் தூக்கி வைத்து நடந்தபடி.

நான் நீர்ப்பாசனக் கந்தோரில் வாய்க்கால் வரைபடம் கீறுகிற வேலையில் இருந்தேன். ஆகவே தண்டவாளம் போடுவதும் எனக்கு வாய்க்கால் வெட்டுவதும் ஒன்றுதான். கொஞ்ச நாளில் ஹோலின் பாதி என் ரயில்வே ஆகிவிட்டது. மாமா தன் சாய்மனைக் கதிரையை விறாந்தைக்கு மாற்றிக்கொண்டார். மாமி கோழியிடம், "ஊட்டுக்குள்ள கால் வைக்க இடமில்ல, நீயாச்சும் வெளிய இரி" என்றார்.

அடுத்த தடவை றபீக் மச்சான் இன்னும் இரண்டு எஞ்சின் அனுப்பினார். அங்கேதான் சிக்கல். குமிழைத் திருகினால் மூன்றும் ஒன்றாகப் புறப்பட்டன, நிறுத்தினால் மூன்றும் ஒன்றாக நின்றன. துரிசைத் திறந்தால் வாய்க்காலோரத்து வயலுக்கெல்லாம் தண்ணீர் பாய்வது போலத்தான். ஒன்றை மட்டும் ஓட்ட வேண்டுமானால் மற்ற இரண்டையும் கையில் ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். (ஒரு நிபுணனுக்கு அது அழகில்லை.)

அந்தக் காலத்தில் குவைத்துக்கும் எங்களுக்கும் இடையில் கசெட்தான் போய் வந்தது. மச்சான் அங்கே பேசிப் பதிந்து அனுப்புவார். இங்கே வீட்டோடு இருந்து கேட்போம். வீட்டோடு என்றால், பக்கத்து வீடு இரண்டையும் சேர்த்து. என் ரயில் பிரச்சினையை நான் ஒரு கசெட்டில் இரகசியமாகச் சொல்லி அனுப்பினேன். பதில் ஊர் கேட்க வந்தது.

"மச்சான், உங்கட வருத்தத்துக்கு மருந்து வந்திரிக்கி. டிஜிட்டல் எண்டு பேர். கரண்ட் தண்டவாளத்துல எப்பவும் நிறைஞ்சே கெடக்கும். எஞ்சினுக்குள்ள ஒரு சின்ன மூளை வைக்கணும். கூப்பிட்ட எஞ்சின் மட்டும்தான் போகும், மத்தது சும்மா நிக்கும். கடையில ரெண்டு விதம் இரிக்கி. ஒண்டு குமிழ் வச்சது, ஒரு எஞ்சினுக்கு ஒரு குமிழ். நடுவுல பெரிய செவப்பு சுவிச்சு. அத அமத்தினா எல்லாம் கப்பெண்டு நிக்கும். மத்தது நம்பர் வச்சது, கல்குலேட்டர் மாதிரி. நம்பரை அமத்தினா அந்த எஞ்சின் ஓடும். நிப்பாட்டணும் எண்டா, மறுகா அதே நம்பரை அமத்தி, சைபரையும் அமத்தணும். உடன நிக்காது, உண்மையான ரயில் மாதிரி மெதுவா மெதுவா நிக்கும். எது வேணும் எண்டு சொல்லுங்க."

பதில் கசெட் பதிகிற நாளில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. மாமா, குமிழ் என்றால் ரேடியோவில் பழகியதுதானே, அதுவே நல்லது என்றார். பக்கத்து வீட்டுக்காரர், அரபிமார் எதை வாங்குகிறார்களோ அதையே வாங்கச் சொன்னார். கடைசியில் மாமி கதவுக்குப் பின்னால் இருந்தபடி மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"மனே றபீக், உம்மா கதைக்கிறன். நேரத்துக்குச் சாப்பிடு. மறுகா, அந்தச் சாமான். ஓடுற சாமானுக்கு ஓடுறது பெரிய காரியமில்ல மனே. நிப்பாட்டுறதுதான் காரியம். அந்தப் பெரிய செவப்பு சுவிச்சு உள்ளதையே அனுப்பு. நிப்பாட்டத் தெரியாத சாமானை ஊட்டுக்கு அனுப்பாத."

இது மகனுக்குச் சொன்னது அல்ல என்பது எனக்குத் தெரியும். குவைத்தைச் சுற்றிக்கொண்டு எனக்கு வந்த செய்தி. அன்றைக்கே கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

ஆனால் என் மூளையில் (எஞ்சினுக்கு வாங்க வேண்டிய மூளையை எனக்கு வாங்கியிருக்கலாம்) ஒரு யோசனை பளிச்சிட்டது. மூன்று எஞ்சின். மூன்று எண். ஏழு, எட்டு, ஆறு!

பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்கு எண் போட்டுக் கூட்டினால் வரும் தொகை 786 என்பார்கள். எங்கள் பக்கத்தில் லொறியின் நெற்றியிலும் கடைப் பலகையிலும் கல்யாணக் கடிதத்தின் தலையிலும் அதுதான் இருக்கும். அந்த எண்ணைச் சுமந்து மூன்று ரயில் ஓடினால் பறக்கத்துக்குப் பறக்கத்து (அல்லாஹ்வின் அருள்), அழகுக்கு அழகு. மாமி கண்ணில் நீர் வந்துவிடும் என்று நம்பினேன். எல்லோரும் படுத்தபின் கசெட்டின் கடைசியில், "மச்சான், நம்பர் உள்ளதை அனுப்புங்க" என்று குரலைத் தாழ்த்திச் சேர்த்துவிட்டேன்.

பெட்டி வந்தது. கறுப்பாக, மினுமினுவென்று, எண்கள் அமத்த அமத்தக் கீச்சென்று சத்தமிட்டது. ரேடியோ திருத்துகிற கடையில் கொடுத்து எஞ்சின்களுக்குள் மூளைகளைப் பற்றவைத்தேன். ஏழை அமத்தினால் ஏழு ஓடியது. எட்டை அமத்தினால் எட்டு ஓடியது. நான் அதன் முன்னால் அமர்ந்தால் எழும்பவேமாட்டேன். மாமி கோழியிடம் செவப்பு சுவிச்சைப் பற்றி ஏதோ கேட்டார். கோழிக்குப் பதில் தெரியவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் சுபைதாவுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வரிப்பத்தான்சேனைக்காரர், நல்ல இடம், ஏராளமான வயல். மாப்பிள்ளையின் தாய்மாமா அந்தப் பக்கத்தில் பெரிய போடியார். விளைகிற வயலில் பாதி அவருடையது என்பார்கள். அவர் சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம். அவரும் நாலைந்து பேரும் வீடு பார்க்கவும் சாப்பிடவும் வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். சுபைதாவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு வாரமாக வீட்டில் எல்லோரோடும் அன்பாக இருந்தாள், அதில் கண்டுபிடித்தோம்.

மாமா என்னைக் கூப்பிட்டு, "மருமகன், விருந்தை நீங்கதான் பொறுப்பெடுக்கணும். எனக்கு ஆம்புளப் புள்ள ஊர்ல இல்ல" என்றார். எனக்கு நெஞ்சு விம்மியது. மாமி கதவு நிலையிடம், "அந்த ரயிலைக் கழட்டி அலுமாரிக்கு மேல வைக்கச் சொல்லுங்க" என்றார். விம்மிய நெஞ்சு இறங்கியது.

அப்போதுதான் நான் என் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய பொறியியல் திட்டத்தை முன்வைத்தேன்.

எங்கள் வீடுகளில் விருந்து என்றால் ஆண்கள் ஹோலில் பாயில் இருப்பார்கள். பெண்கள் குசினியில், இடையில் திரைச்சீலை. சமைப்பது அந்தப் பக்கம், சாப்பிடுவது இந்தப் பக்கம். திரையடியில் நின்று தட்டுகளை வாங்கி வாங்கிக் கொடுக்க ஆள் வேண்டும். "ரயில் இருக்கும்போது ஆள் எதற்கு?" என்றேன். குசினியில் புறப்படும் ரயில் திரைக்குக் கீழால் ஹோலுக்கு வந்து, பாயை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி திரைக்குக் கீழால் குசினிக்குப் போய்விடும். ஏழில் அச்சாறு. எட்டில் பொரித்த பப்படம். கடைசியில் இனிப்புக்கு ஆறில் வட்டிலப்பத் துண்டுகள். பெண்கள் வெளியே வரத் தேவையில்லை, ஆண்கள் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. இதைவிட ஒழுக்கமான ரயில்வே உலகத்தில் உண்டா?

மாமா யோசித்தார். "போடியார் பார்த்தா அசந்துருவார்தான்" என்றார். அவருடைய அந்த வார்த்தை இரண்டு விதத்தில் பலித்தது.

போடியார் வந்தார். ஆள் உயரம், வெள்ளைச் சாரன், வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. எல்லாம் கஞ்சி போட்டு மொரமொரவென்று இருந்தது. கதைப்பது குறைவு. பாயில் இருந்தார்கள், சஹன் வந்தது. ஒரு சஹனில் சோறு குவித்து, கறி வைத்து, நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். போடியார் கையைக் கழுவிவிட்டுத் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்த தண்டவாளத்தைப் பார்த்தார்.

"இது என்ன தம்பி? எலிக்குப் பொறியா?"

இதற்காகத்தானே காத்திருந்தேன்! பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விளக்கினேன். தண்ணீர் வாய்க்காலில் எப்போதும் நிறைந்தே கிடக்கும், ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்ட வயல் மட்டும்தான் குடிக்கும் என்றேன். போடியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பிடி ஒரு வாய்க்கால் எனக்கும் வேணும் தம்பி. எங்கட பக்கம் கூப்பிடாத வயல்தான் முதல்ல குடிக்கி. சரி, எஞ்சினுக்கு என்ன பேர்?"

"ஏழு, எட்டு, ஆறு" என்றேன், ஒவ்வோர் எண்ணுக்கும் இடைவெளி விட்டு.

போடியாரின் முகம் மலர்ந்தது. "மாஷா அல்லாஹ்! எழுநூத்தி எண்பத்தாறு! அப்ப என்ன பாக்கிறீங்க, அதையே போட்டுத் தொடங்குங்க."

மாமா என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. நான் பிஸ்மில்லாஹ் சொல்லி, ஸ்டேசன் மாஸ்டர் போல் விரலை நீட்டி, அமத்தினேன். ஏழு. எட்டு. ஆறு.

அமத்தி முடித்தபோதுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே விளங்கியது. லொறியின் நெற்றியில் அது ஓர் எண். இந்தப் பெட்டிக்கு அது மூன்று கட்டளை. மூன்று எஞ்சினும் புறப்பட்டுவிட்டன. அதுவும் வாசற்படி மேட்டில் சிக்காமல் ஏற வேண்டும் என்பதற்காகக் காலையிலேயே வேகத்தை உச்சத்தில் விட்டு வைத்திருந்தேன்.

ஏழு ஒழுங்காக அச்சாற்றோடு வந்தது. ஆனால் வாங்க ஆள் இல்லாத வேகத்தில் வந்தது. பாயின் முதல் வளைவில் அச்சாறு மட்டும் நேரே போனது, ஒரு பச்சை மிளகாய் மாமாவின் தொப்பியில் ஏறியது. பின்னாலேயே எட்டு பப்படங்களைப் பறக்கவிட்டுக்கொண்டு வந்தது. குசினியில், "அல்லாஹ்வே, வட்டிலப்பம் போகுது, புடிங்க புடிங்க!" என்று கூச்சல். சுபைதா அப்போதுதான் ஆறில் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாளாம். அந்த ஆறை நான் முந்தின நாள் எதிர்த்திசைக்குத் திருப்பிவிட்டு மறந்துபோயிருந்தேன். அது எதிர்ப்பக்கமாக, அதாவது ஏழும் எட்டும் குசினிக்குத் திரும்பிப் போக வேண்டிய வழியாக, ஹோலுக்கு வரப் பார்த்தது.

மூன்றும் திரைச்சீலைக்கு அடியில் சந்தித்தன.

மோதியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஏழின் சக்கரத்தில் திரைச்சீலையின் நுனி சிக்கியது. உண்மையான ரயில் போல அதற்கும் விடாமுயற்சி இருந்தது. சுற்றிச் சுற்றித் துணியை இழுத்தது. மேலே கம்பி ஒரு பக்கம் கழன்றது, பிறகு மறுபக்கம். திரைச்சீலை தொப்பென்று விழுந்தது. அங்கே குசினி முழுவதும், கரண்டியோடும் தட்டோடும் உறைந்துபோய், வரிப்பத்தான்சேனையைப் பார்த்துக்கொண்டு நின்றது. நடுவில் மணப்பெண் சுபைதா, இரண்டு கை நிறைய வட்டிலப்பம், சிரிப்பை அடக்க முடியாமல்.

நான் பெட்டியில் ஏதோ ஓர் எண்ணை அமத்தினேன். சைபரை அமத்தினேன். எட்டு மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தது. எந்த எண்ணைக் கடைசியாக அமத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. அவசரத்தில் மறுபடி ஏழு, மறுபடி எட்டு, மறுபடி ஆறு. பழக்கதோஷம்! வட்டிலப்பத்தை ஏற்றிய ஆறு கிளர்ந்தெழுந்து, மோதலிலிருந்து விடுபட்டு, தடம் புரண்டு, பாயில் ஏறி, போடியாரின் மடிக்குள் போய்ச் சேர்ந்தது. அந்த வெள்ளைச் சாரனில்.

அப்போதுதான் அது நடந்தது. அந்நிய ஆண்கள் முன்னால் ஒரு நாளும் வராத மாமி, முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு, விழுந்த திரைச்சீலைக்கு மேலால் காலை வைத்து ஹோலுக்குள் வந்தார். கோழியைப் பார்க்கவில்லை. கதவு நிலையைப் பார்க்கவில்லை. என் கண்ணைப் பார்த்தார்.

"மருமகன்! நிப்பாட்டுங்க அந்தப் பலாய் புடிச்ச சாமானை!"

நான் நிறுத்தவில்லை. மாமி என்னோடு கதைத்துவிட்டார் என்ற அதிர்ச்சியில் அவரையே பார்த்துக்கொண்டு வாயைப் பிளந்து இருந்தேன். (சிரித்தேன் என்றும் பரீதா சொல்கிறாள்.) மாமி இரண்டு எட்டில் சுவரடிக்குப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். எல்லாம் நின்றது. மெதுவாக அல்ல, கப்பென்று.

மாமா தொப்பியிலிருந்த மிளகாயை எடுத்துக் கையில் பிடித்தபடி இருந்தார். சுபைதாவின் சிரிப்பு அழுகையாக மாறப் பார்த்தது. என் ரயிலால் அவளுடைய கல்யாணம் போய்விட்டது என்று நான் நினைத்தேன்; அந்த நிமிடம் என் மனம் பட்ட பாட்டை எந்த வேடிக்கையாலும் மூடிச் சொல்ல முடியாது. பெட்டியைத் தூக்கிக் கடலில் எறிந்துவிட்டு நானும் பின்னால் போகலாம் போலிருந்தது.

போடியார் மடியிலிருந்த எஞ்சினைத் தூக்கிப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த வட்டிலப்பத்தை விரலால் வழித்து வாயில் வைத்தார். நிதானமாகச் சுவைத்தார்.

"வட்டிலப்பம் நல்லாரிக்கி" என்றார். பிறகு மாமியின் பக்கம் தலை குனிந்து, தரையைப் பார்த்தபடி, "எங்களுக்குச் சம்மதம். ஒரே ஒரு கண்டிசன்."

மாமா மனதுக்குள் தன் வயலைக் கணக்குப் பார்த்தார். இப்போது இன்னும் எத்தனை ஏக்கர் கேட்கப்போகிறாரோ!

"இந்தச் சாமானை மட்டும் சீதனத்துல சேர்க்கப்படாது."

அந்தச் சிரிப்பை முதலில் தொடங்கியது மாமிதான். அதற்குப்பின் சோறு ஆறும்வரை ஒருவராலும் சாப்பிட முடியவில்லை.

கல்யாணம் நடந்தது. சுபைதா பேரப்பிள்ளை கண்டுவிட்டாள். போடியார் இருந்தவரை என்னைக் கண்ட இடமெல்லாம் "எஞ்சினியர் தம்பி" என்றுதான் கூப்பிட்டார். ரயில் அலுமாரிக்கு மேல் ஏறியது, இன்னும் இறங்கவில்லை. எங்கள் வீட்டில் யாராவது கதையைத் தொடங்கி முடிக்கத் தெரியாமல் இழுத்தால், "அவர் எழுநூத்தி எண்பத்தாறை அமத்திட்டார்" என்பார்கள். பெரும்பாலும் என்னைத்தான்.

மாமி அன்றிலிருந்து என்னோடு நேராகவே கதைக்கிறார். ஒரு தடவை உடைந்த மரியாதையை மறுபடி ஒட்டவைப்பதில் அர்த்தமில்லை என்று நினைத்தாரோ என்னவோ. மறுநாள் காலையில் தேத்தண்ணீரை நீட்டி, "மருமகன், சீனி காணுமா?" என்று கேட்டார். சீனி காணாது, போதவே இல்லை. ஆனாலும் "காணும் மாமி" என்றேன். கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

போன மாதம் உடுப்புத் துவைக்கிற மெசின் வாங்கக் கடைக்குப் போனேன். தண்டவாளத்தைச் சப்பிய அந்த மகன் கூட வந்தான். அவனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. கடைக்காரர் இரண்டு மெசினைக் காட்டினார். ஒன்றில் ஒரு குமிழும் ஒரு சிவப்புப் பொத்தானும். மற்றது கண்ணாடி போல் வழவழவென்று, விரல் பட்டால் கீச்சென்று சத்தமிடும் எண்களோடு இருந்தது. என் விரல் தானாக அதன் பக்கம் நீண்டது. மகன் தொலைபேசியை எடுத்து வீட்டுக்கு அழைத்து, நான் மறுபடியும் நம்பர் உள்ளதைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, என் காதில் வைத்தான்.

மாமிக்கு இப்போது காது மந்தம். ஆகவே கடை முழுக்கக் கேட்கும்படிதான் கதைப்பார்.

"மருமகன்! நிப்பாட்டுற சுவிச்சு பெருசா இரிக்கா?"

நீண்ட விரலை மடக்கி, குமிழ் வைத்த மெசினைக் காட்டிக் கட்டச் சொன்னேன்.

"ஓம் மாமி" என்றேன். "பெருசு. செவப்பு."